விரல்களுக்குள் வழி இல்லை

...மறுபடியும் அதே மூலையில்தான் கொடி ஆடுகிறது, வடக்கு ஓரத்தில், நீள இறகு என்று அவள் பெயர் வைத்த முட்டுச்சந்துக்குள், காலையிலிருந்து யார் தொலைந்தாலும் அங்கேதான் போய்த் தொலைகிறார்கள், வாசலில் அத்தனை தடவை சொல்லித்தான் அனுப்புகிறாள், ஓடாதீர்கள், சோளத்தை ஒடித்துக் குறுக்கே புகாதீர்கள், வழி தெரியாவிட்டால் கையிலிருக்கும் கொடிக்கம்பைத் தூக்கி ஆட்டுங்கள், ட்ரூடி வருவாள் என்று, பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, ட்ரூடி வருவாள், ஏதோ தேவதை வருகிற மாதிரி, வருவது என்னவோ முழங்கால் வலியும் சேறு அப்பிய பூட்ஸும் சிவப்புக் கம்பளிச் சட்டையுமாக ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர்... வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, அக்டோபர் மாதத்துச் சனி ஞாயிறுகளில் தம்பியின் சோளக்காட்டுக்குள் தொலைந்தவர்களைத் தேடுவது, இது ஒரு பிழைப்பா என்று யாராவது கேட்டால் ஆமாம், இதுதான் எனக்குப் பிடித்த பிழைப்பு என்று சொல்வாள். உண்மைதான். சோளம் தலைக்கு மேலே இரண்டு முழம் உயர்ந்து நிற்கிறது, தாள் எல்லாம் காய்ந்து, காற்று அடித்தால் காகிதம் கசக்குகிற சத்தம், அதற்கும் அப்பால் கல்லூரி மைதானத்திலிருந்து பேண்டு வாத்தியத்தின் பெரிய முரசு, தம் தம் என்று, இன்றைக்குப் பழைய மாணவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பி வருகிற நாள், காலையில் ஊர்வலம், மத்தியானம் ஃபுட்பால் ஆட்டம், நடுவில் பொழுதுபோகாத குடும்பங்கள் எல்லாம் இங்கே, பூசணிக்காய் பொறுக்க, வைக்கோல் வண்டியில் ஏற, இந்தப் புதிர்ப்பாதைக்குள் வந்து தொலைந்துபோக. வார்டன்வில் ஊரில் இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது.

இடது, அப்புறம் வலது, அப்புறம் அந்தக் கேள்விப் பலகை, பூசணி காயா பழமா, பழம் என்றால் வலது பக்கம் போ... இந்தப் பலகைக்கெல்லாம் ஆகஸ்டில் புதுசாகப் பெயிண்ட் அடித்தது அவள்தான், வண்டி நிறுத்தும் கொட்டகையில் வரிசையாகப் பரப்பி வைத்து, எதுக்கு ட்ரூடி இந்த வேலை, பழசே போதாதா, இன்னும் எத்தனை நாளைக்கு என்று வெஸ் கேட்டான், அவனுக்கு எதைச் செய்தாலும் எதற்கு என்றுதான் முதலில் வாயில் வரும், புருஷர்கள் எல்லாருமே அப்படித்தானோ என்னவோ. ஆனால் இந்த வருஷத்துப் பாதையைக் காலாலேயே படித்துக்கொண்டது அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். வரைபடம் இல்லை. தம்பி கர்ட் கொடுக்கவில்லை. வரைபடம் கொடுத்தா எல்லாரும் போன்ல படம் புடிச்சு வெச்சுக்கறாங்க ட்ரூ, அப்புறம் என்ன புதிரு, இந்த வருஷம் யாருக்கும் கிடையாது, உனக்கும் கிடையாது என்று சிரித்தான். நடுவில் வழக்கமாக நிற்கிற மரப்பாலத்தையும் போடவில்லை, ஏறி நின்றால் காடு முழுக்கத் தெரியும், கட்டை உளுத்துப்போச்சு, யாராவது விழுந்தா நம்ம தலையில விடியும் என்றான், சரிதான், அதுவும் சரிதான். பாதையை வான்கோழி உருவத்தில் வெட்டியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னான். உன் பொண்ணு சின்னதுல கையை வெச்சு வரைஞ்சாளே, அந்த மாதிரி. எந்த வீட்டுக் குளிர்பெட்டியில்தான் அந்தப் படம் ஒட்டியிருக்காது, நன்றி தெரிவிக்கும் நாளுக்கு நர்சரியில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளங்கையைப் பெயிண்டில் முக்கி அச்சு வைப்பது, கட்டை விரல் வான்கோழியின் தலை, மற்ற நான்கும் இறகு. மகள் பெத் வைத்த அச்சை இன்னமும் அவள் எடுத்துப் போடவில்லை. அதனால்தான் இந்த முட்டுச்சந்துகளுக்கெல்லாம் அவளாகவே இறகு என்று பெயர் வைத்திருந்தாள், நீள இறகு, ஓர இறகு, குட்டை இறகு... குட்டை ஏன் குட்டையாக இருக்கிறது என்று கேட்டதற்கு அங்க விதை சரியா முளைக்கல என்றான் கர்ட். சோளம் முழங்கால் உயரம் வந்ததும் ஜூன் கடைசியில் பாதையை வெட்டிவிடுவார்கள், அந்த வாரம் அவள் இங்கே இல்லை, பெத்துக்குக் குழந்தை பிறந்து கொலம்பஸில் போய் இருந்தாள், யாரோ வெளியூர்க் கம்பெனிக்காரர்களை வைத்து மிஷினில் வெட்டியதாகக் கர்ட் சொன்னான். திரும்பி வந்தபோது பாதை தயார். வீட்டில் பாத்திரம் மலைபோல் கிடந்தது, வெஸ் கழுத்து வெந்து தோல் உரிந்து கிடந்தது, கல்லூரிக் கொதிகலன் அறையிலேயே வருஷமெல்லாம் அடைந்து கிடக்கிற உடம்புக்கு ஒருநாள் மீன் பிடிக்கப் போனால் இப்படித்தான், பெண்டாட்டி இல்லை என்றால் ஆண்களுக்குத் தொப்பி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

வலது, நேரே, மறுபடி வலது. கொடி இப்போது வெறி பிடித்த மாதிரி ஆடுகிறது, ஏதோ ஆண்தான், பெண்கள் இப்படி ஆட்டமாட்டார்கள், ஆண்கள் கடைசி நிமிஷம் வரை கேட்கமாட்டார்கள், கேட்க ஆரம்பித்தால் ஊரைக் கூட்டுவார்கள். வெஸ்ஸும் அப்படித்தான். வெஸ்ஸை வைத்துப் போன வருஷம் ஊரே சிரித்தது, பெண்டாட்டிக்குச் சாப்பாடு கொடுக்கப்போகிறேன் என்று உள்ளே நுழைந்து ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை கொடி தூக்கினான், கடைத்தெருவில் நிறுத்திய காரைத் தேடிக் கண்டுபிடிக்கவே பக்கத்தில் ஆள் வேண்டும் அவனுக்கு, கல்யாணமான புதிதில் தேனிலவுக்குப் போன ஏரிக்கு அவன் ஓட்டிய வழியில் இரண்டு மாநிலங்களைப் பார்த்தார்கள். கர்ட் அப்படி இல்லை. கர்ட் அப்பா மாதிரி, கண்ணைக் கட்டிவிட்டாலும் வரப்பில் நடப்பான். அதனால்தான் நிலம் அவனிடமே இருக்கட்டும் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியதோ... அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், சமையலறை மேஜை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த மூடிபோட்ட தட்டுகள், யாருக்கும் பசியில்லை, கர்ட் பாத்திரத் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முதுகைக் காட்டியபடியே கேட்டான், ட்ரூ, நிலத்தை ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பேருக்கும் உபயோகப்படாது, என் ஒருத்தன் பேர்ல இருக்கட்டுமா. இருக்கட்டும் என்றாள். எனக்கு ஒண்ணும் வேணாம் கர்ட், ஆனா எப்பவாவது இதைக் கைமாத்தணும்னு வந்தா முதல்ல எங்கிட்ட சொல்லணும், நான் வேணாம்னு சொல்லமாட்டேன், சண்டை போடமாட்டேன், முதல்ல எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். அவன் ஈரக் கையோடு திரும்பிவந்து அவளைக் கட்டிக்கொண்டான். உங்கிட்ட சொல்லாம ஒரு கைப்பிடி மண்ணைக்கூட அசைக்கமாட்டேன் என்றான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது, வக்கீல் கூப்பிட்ட இடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே பேருந்து ஓட்டப் போய்விட்டாள்.

நீள இறகின் கடைசியில் ஒரு குடும்பம் நிற்கிறது. கல்லூரி பெயர் போட்ட புத்தம்புதுச் சட்டையும் சிகாகோ அணித் தொப்பியுமாக ஒரு மனிதர், பூட்ஸில் ஒரு துளி சேறு இல்லை, எப்படித்தான் இவ்வளவு தூரம் வந்தாரோ, பக்கத்தில் மனைவி, உதட்டை அழுத்திக்கொண்டு பேசாமல் நிற்கிற நிற்பிலேயே தெரிகிறது கொஞ்ச நேரமாகவே பேச்சு நின்றுபோயிருக்கிறது என்று, தோளில் ஒரு சின்னப் பெண், வாய் ஓரமெல்லாம் சர்க்கரை. "ட்ரூடி வந்தாச்சு" என்றாள் ட்ரூடி, வழக்கம்போல. "அப்பாடா" என்றாள் அந்த மனைவி, "நான் அப்பவே சொன்னேங்க, கொடியைத் தூக்குங்கன்னு. கேட்டாத்தானே. போன்ல படம் இருக்கு, படம் இருக்குன்னு இங்கயே சுத்திச் சுத்தி..." அந்த மனிதர் அசட்டுச் சிரிப்போடு போனை நீட்டினார். "இல்ல மேடம், நாம இப்ப நடு விரல்ல இருக்கோம்னு நினைச்சேன். ஆனா இது மோதிர விரலா இருக்குமோன்னும் சந்தேகம். மோதிர விரல்தான் பாதி இல்லையே, அதனால நடு விரல்தான், இல்லையா?" என்ன விரல், என்று கேட்டாள் ட்ரூடி. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவர் போனை அவள் பக்கம் திருப்பினார்.

மேலேயிருந்து எடுத்த படம். பழுப்பு நிறக் காட்டுக்கு நடுவே வெளிறிய கோடுகளில் ஒரு கை. வான்கோழி இல்லை, தலை இல்லை, கண் இல்லை, கால் இல்லை, கை, மணிக்கட்டிலிருந்து நிமிர்ந்து விரல்களை விரித்த ஒரு பெரிய கை, போய்வருகிறேன் என்று ஆட்டுகிற கை, அதில் மோதிர விரல் பாதியோடு நின்றுபோயிருக்கிறது. கைக்குக் கீழே பூசணித் தோட்டத்தை ஒட்டிய ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை வெட்டியிருந்தார்கள், நன்றி என்று. "காலைல காலேஜ் காப்பி கூட்டத்துல பெரிய திரையில காட்டினாங்க மேடம், பெற்றோர் எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினோம், என் பொண்டாட்டி அழுதுட்டா. அடுத்த வருஷம் இங்க விளையாட்டு மைதானம் வருதாமே, எங்க பையன் ஓட்டப்பந்தயம் ஓடுவான், அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். உங்க குடும்பம்தானா இது? பெரிய மனசு உங்களுக்கெல்லாம். அந்தக் கை உங்க அப்பாவோடதுன்னு சொன்னாங்க." அந்த மனைவி கையை நீட்டி ட்ரூடியின் கையைத் தொட்டாள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள். ஆமாம் என்று சொன்னாள் ட்ரூடி. தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாங்க, என் பின்னாடியே வாங்க, குழந்தையைக் கீழே விடாதீங்க.

திரும்பி நடக்கிறாள், கால் தானாகப் போகிறது, காலுக்குத் தெரியும், தலைக்குத்தான் எதுவும் தெரியவில்லை. இடது... கைதட்டினார்களாம். எழுந்து நின்று. நேற்று ராத்திரி வரை ஊர் பேர் தெரியாத சிகாகோக்காரனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் பாலேடு போட்ட காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ள முடிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. முதலில் எனக்குத் தெரியணும் என்று ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டாள், நிலத்தைக் கேட்டாளா, வீட்டைக் கேட்டாளா, அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்க இவனுக்கு என்ன கேடு. முதலில் இல்லாவிட்டால் போகட்டும், இரண்டாவதாகவாவது, பத்தாவதாகவாவது... கடைசியில் சொன்னால்கூடப் பரவாயில்லை, அவன் வாயால் சொல்லியிருந்தால். ஆகஸ்டிலிருந்து அவள் இந்தக் காட்டுக்குள்தான் நடக்கிறாள், தினமும் சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பாதையைக் கூட்டி, விழுந்த தட்டையை எடுத்துப்போட்டு, பலகை நட்டு, ஒவ்வொரு முக்கையும் மனப்பாடம் செய்து... அப்பாவின் கைக்குள்ளேயே நடந்திருக்கிறாள். அது போய்வருகிறேன் என்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் அதற்குள் நின்று இறகு, இறகு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். விதை சரியாக முளைக்கவில்லையாம். அந்த விரல் பாதி போன அன்று அவளும் அந்த வயலில்தான் நின்றிருந்தாள், கதிர் பறிக்கிற இயந்திரத்தில் தட்டை சிக்கிக்கொண்டது, அப்பா மோட்டாரை நிறுத்தாமல் கையை விட்டார், அப்புறம் துண்டால் சுற்றிக்கொண்டு அவரேதான் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், போகும்போது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார், அந்தக் கையையே. வெளியூர்க் கம்பெனிக்காரனுக்கு எந்த விரல் பாதி என்று எப்படித் தெரிந்தது என்று அப்போது ஒரு யோசனை வந்தது, கர்ட் சொல்லியிருப்பான் என்று அதுவே போய்விட்டது.

வாசலில் அந்தக் குடும்பம் மறுபடி மறுபடி நன்றி சொல்லிவிட்டு டோனட் கடைப் பக்கம் போனது. ஆப்பிள் சாறு காய்கிற வாசனை, பட்டையும் கிராம்பும், குழந்தைகள் வைக்கோல் கட்டுகள்மேல் ஏறிக் குதிக்கிறார்கள், யாரோ ஒரு பாட்டன் பேரனைப் பெரிய பூசணிக்காய்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார், எல்லாம் போன வாரம் மாதிரியேதான் இருக்கிறது. கர்ட் டிராக்டர் பக்கத்தில் நின்று வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான், அப்பாவின் பழைய தொப்பி, அப்பாவின் தோள். அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "ட்ரூ, அந்தப் பச்சை வண்டியில ரெண்டு பேருக்கு இடம் இருக்கு, அனுப்பிவிடு" என்று கத்தினான். அவள் கிட்டே போய் நின்றாள். சக்கரத்துக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத பக்கம்.

"கை நல்லா வந்திருக்குடா" என்றாள். "அப்பா கையேதான்."

வண்டியின் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவன் பூட்டாமல் விட்டான். முகம் வெளுத்துப்போனது. "யார் காமிச்சா?"

"யார் காமிச்சா என்னடா. நீ காமிக்கல."

"ட்ரூ... நாளைக்குச் சாப்பாட்டுக்கு வருவீங்கல்ல, அப்பச் சொல்லலாம்னு இருந்தேன். சத்தியமா. காலேஜ்காரங்க முந்திக்கிட்டாங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காட்ட வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"ஜூன்ல வெட்டினதை அக்டோபர்ல சொல்லலாம்னு இருந்தியா?"

"உன் முகத்தைப் பார்த்தா சொல்ல வரல. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்துச்சு. நீ பலகைக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த, நான் என்னன்னு சொல்றது?" டிராக்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அதன் சத்தத்துக்குள் பேசவேண்டியிருந்தது. "என்னால முடியல ட்ரூ. முதுகு போச்சு. எனக்கப்புறம் இதை யார் பார்ப்பா, சொல்லு. அப்பாவுக்கு மரியாதையா ஒரு விடை கொடுக்கணும்னுதான் கையை வெச்சேன். ஊருக்கே அந்தக் கையைத் தெரியும்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நானும் காலேஜ்காரங்களும்தான். பெத்துக்குத் தெரியாது, வெஸ்ஸுக்குத் தெரியாது, ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது." அவன் அதைச் சொல்லும்போது பூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான், அவளைப் பார்க்கவில்லை. வண்டிக்குள்ளிருந்து யாரோ, என்ன அண்ணே, கிளம்பலாமா என்று கேட்டார்கள். "இன்னொரு கொடி ஆடுது" என்றாள் ட்ரூடி. எங்கேயும் கொடி ஆடவில்லை. திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டாள்.

மணிக்கட்டு வழியாக உள்ளே. இப்போது எல்லாவற்றுக்கும் பெயர் மாறிவிட்டது, இது மணிக்கட்டு, இது கட்டை விரலின் அடி, இந்த வளைவு ஆயுள் ரேகையாக இருக்கும், கண்காட்சியில் ஒருத்தி பார்த்துச் சொன்னாளே அப்பாவுக்கு, ஆயுசு கெட்டி என்று, அவர் அதற்குச் சிரித்த சிரிப்பு... பாவி, பாவி, கர்ட், நீ வித்துத் தொலை, முதுகு போனால் வித்துத்தான் ஆகவேண்டும், அவள் என்ன கல்லா, புரியாதா, உன்னைத் தூக்கி வளர்த்தவள்தானே. ஆனால் அதை அப்பா கையை வைத்துச் சொல்லவைத்தாயே. மருத்துவமனைக்குப் போன அந்த ஒரு நாளைத் தவிர அவர் யாருக்காவது போய்வருகிறேன் என்று கை ஆட்டினாரா. வேலியோரம் நின்று அவர் ஆட்டியதெல்லாம் வருகிறவர்களுக்கு, ஆட்டம் பார்க்க வருகிற கார்களுக்கு, வாங்க வாங்க என்று, கல்லூரிக்காரர்கள் வந்து மூன்று தடவையோ நான்கு தடவையோ நிலத்தைக் கேட்டபோது அந்தக் கையால்தான் கதவைச் சாத்தினார். அந்தக் கையைக் காட்டி நன்றி என்று எழுதினால் கைதட்டமாட்டார்களா, தட்டுவார்கள், எழுந்து நின்று தட்டுவார்கள். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை, மூக்குதான் ஒழுகியது, சட்டைக் கையால் துடைத்தாள். குட்டை விரல் வரை போய் நின்றாள். முட்டுகிற இடத்தில் சோளம் அடர்த்தியாக, பச்சை கொஞ்சம் அதிகமாகவே நின்றது. விதை முளைக்காத இடமா இது. கதிரைத் தொட்டுப் பார்த்தாள், நல்ல கனம். ஒருமுறையாவது இதை அவள் தொட்டுப் பார்த்திருக்கலாம். தம்பி சொன்னான், நம்பினாள், தம்பி சொன்னால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

உள்ளங்கையின் நடுவில் போன வருஷம் பாலம் நின்ற இடத்தில் சில வைக்கோல் கட்டுகள் கிடக்கும், வழி கண்டுபிடித்தவர்கள் உட்கார்ந்து இளைப்பாற. யாரும் இல்லை. மத்தியானம் ஆட்டம் தொடங்கப்போகிறது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும். உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஒரு சதுர வானம், நல்ல நீலம், அக்டோபருக்கென்றே வைத்திருக்கிற நீலம். அங்கிருந்து பார்த்தால் அவள் இப்போது அப்பாவின் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு புள்ளி... சரி, வெஸ்ஸிடம் சொல்லவேண்டும். அதுதான் அடுத்தது. வெஸ் கொதித்துப்போவான். வெஸ்ஸுக்கு எளிதில் கோபம் வராது, வந்தால் காது சிவந்துவிடும், கர்ட்டும் அவனும் சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்கள், இனி போகமாட்டான். நாளைக்குச் சாப்பாட்டுக்கு நாங்கள் வரவில்லை என்று அவனே போன் பண்ணிச் சொல்லட்டும், அவள் பேசமாட்டாள். ராத்திரி அவன் தோளில் சாய்ந்துகொண்டு, தெரியுமா, எல்லாருக்கும் தெரிந்தபிறகுதான் நமக்குத் தெரிகிறது என்று சொன்னால் அவன் வழக்கம்போல முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பான், அது போதும். நமக்கு என்று சொல்ல ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம். உலகத்தில் கடைசியாகத் தெரிந்துகொள்வதுகூட இரண்டு பேராகத் தெரிந்துகொண்டால் அவ்வளவு கேவலமாக இருக்காது. இந்த நினைப்பு வந்ததும் கர்ட்டின் முதுகைப் பற்றிக்கூடக் கொஞ்சம் கவலை வந்தது.

தட்டை உரசுகிற சத்தம். யாரோ வருகிறார்கள். கொடிக்காரக் கும்பல் ஏதாவது இருக்கும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெஸ். ஒரு கையில் காகிதக் கோப்பை, மறு கையில் எண்ணெய் ஊறிய பையில் டோனட். "கர்ட் சொன்னான், நீ உள்ள இருக்கேன்னு" என்றான். "சாப்பிட்டியா? இந்தா, சாறு. ஊத்தினதும் நேரா எடுத்துக்கிட்டு வந்தேன்." அவள் வாங்கிக்கொண்டாள். அவன் பக்கத்தில் உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டான். காது சிவந்திருந்தது. "கர்ட் எல்லாம் சொன்னான்" என்றான், "ரொம்பத் தப்பு, அவன் பண்ணினது ரொம்பத் தப்பு. உங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்." ஆமாம் என்றாள். "எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றான். சரி என்றாள். கோப்பை கையைச் சுட்டது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், அது மறு கையையும் சுட்டது. மூடியின் ஓட்டை வழியாக ஆவி பறந்துகொண்டிருந்தது, நேராக, வெள்ளையாக. அவள் அந்த ஆவியையே பார்த்தாள்.

வழி தெரியாதவர்கள் வாசலிலிருந்து இங்கே வந்து சேருவதற்குள் சாறு ஆறிப்போயிருக்கும்... இல்லை, காலையில் படத்தைப் பார்த்திருப்பான், கல்லூரியில்தானே வேலை, கொதிகலன் அறையிலிருந்து ஏறிவந்து காப்பி குடிக்கப் போயிருப்பான், திரையில் பார்த்திருப்பான். ஆனால் இப்பத்தான் தெரியும் என்கிறானே. பார்த்திருந்தால்தான் என்ன, அந்தச் சிகாகோக்காரன் படத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு விரலுக்குள் மாட்டிக்கொண்டானே, பார்த்தால் வருகிற வழியா இது, நடந்தால்தானே வரும். "வா, போலாம், காத்து குளிருது" என்று வெஸ் திரும்பினான். அவள் எழுந்து பின்னால் நடந்தாள். முதல் பிரிவில் அவன் வலது பக்கம் திரும்பினான். பலகையைப் படிக்கவில்லை. அடுத்ததில் நேரே. அவள் வேண்டுமென்றே இடது பக்கம் ஒரு அடி வைத்தாள், குட்டை விரலுக்குப் போகிற சந்தில். "அது முட்டும் ட்ரூடி, இப்படி வா" என்றான் வெஸ், திரும்பிப் பார்க்காமலேயே, சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில். அப்புறம் ஒரு நொடி நின்றான். தான் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கவேண்டும். அப்புறம் மறுபடி நடந்தான், கொஞ்சம் மெதுவாக, அடுத்த முக்கில் வேண்டுமென்றே தயங்கி இரண்டு பக்கமும் பார்த்தான், எப்படிப் போகணும் என்று அவளையே கேட்டான்.

வலது, என்றாள் அவள். அவன் கழுத்துக்கு நேர் பின்னால் நடந்துகொண்டிருந்தாள், காலருக்கு மேலே வெள்ளை வெளேரென்று, வருஷமெல்லாம் வெயில் படாத கழுத்து. கொலம்பஸிலிருந்து வந்த அன்று, பாதை தயாராக வெட்டிக் கிடந்த அன்று, அது நெருப்பு மாதிரி இருந்தது, குப்புறப் படுக்கச் சொல்லி, ஒரு தொப்பி போட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று திட்டிக்கொண்டே கற்றாழைக் களிம்பை அவள்தான் தடவிவிட்டாள், குனிந்து குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு எரிகிற இடம், பிடரியும் காதுமடல் பின்னாலும்... மீன் பிடிக்கப் போனேன், ஒண்ணுகூட மாட்டல என்று தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவன் சொன்னபோது, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.